தபால் துறை வேலைக்கே தபாலில் விண்ணப்பிக்க முடியாதது ஏன்?

கிராமப்புறத் தபால் நிலையங்களில் வேலை செய்பவர்களைக் கிராமின் டாக் சேவக் என்பார்கள். 2024 ஜூலையில் இந்தியா முழுவதும் இந்தப் பணிக்கு 44,228 இடங்கள் அறிவிக்கப்பட்டன. எழுத்துத் தேர்வு கிடையாது, நேர்முகமும் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சதவீதமாக்கி, நான்கு தசம இடங்கள் வரை கணக்கிட்டு, கணினியே தகுதிப் பட்டியல் போட்டுவிடும். இணையத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்கும் துறை, இந்த வேலையைக் கேட்பவர்கள் கடிதம் எழுதினால் வாங்கிக்கொள்வதில்லை.

முன்பு இந்த இடங்களை அந்தந்தக் கோட்டத்திலேயே அறிவித்துத் தாளில் விண்ணப்பம் வாங்கினார்கள். அதை ஏன் விட்டார்கள் என்று கேட்டால் "காலம் மாறிவிட்டது, எல்லாம் கம்ப்யூட்டர்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. வேலை கொடுப்பவர் இணைய விண்ணப்பத்தை விரும்புவதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சில விண்ணப்பிப்பவருக்கும் நல்லது செய்கின்றன. சில அவர் தலையில் புதுச் சுமையை ஏற்றுகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க, தாள் விண்ணப்பம் அலுவலகத்துக்குள் போன பிறகு அதற்கு என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கும். 'எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்' வார இதழில் அறிவிப்பு வரும். அதிலிருக்கும் மாதிரிப் படிவத்தை ஏ4 தாளில் டைப் அடிக்க வேண்டும். மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வாணையத்துக்கான விண்ணப்பம் என்றால் தபால் நிலையத்தில் மத்திய ஆட்சேர்ப்புக் கட்டண வில்லை வாங்கி ஒட்டி, கவுண்ட்டரில் அதன்மீது முத்திரை குத்தி வாங்க வேண்டும். மற்றவற்றுக்கு போஸ்டல் ஆர்டரோ டி.டி.யோ எடுக்க வேண்டும். சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்து, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடித்து அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும். உறையின்மேல் பணியின் பெயரைப் பெரிதாக எழுதி, எஸ்.எஸ்.சி.யின் அலுவலகம் இருக்கும் சென்னை கல்லூரிச் சாலை ஈ.வெ.கி. சம்பத் கட்டடத்துக்கு அனுப்ப வேண்டும். அறிவிப்பின் அடியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: வடகிழக்கு மாநிலங்கள், லடாக், அந்தமான், லட்சத்தீவு போன்ற இடங்களிலிருந்து தபாலில் அனுப்புவோருக்குக் கடைசி நாள் ஒரு வாரம் கூடுதல். தபால் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்தே கடைசித் தேதியை வைக்க வேண்டியிருந்த காலம் அது.

படிவம் வாங்குவதே ஒரு போராட்டமாக இருந்ததுண்டு. 2012-இல் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தபோது படிவங்களை நேரில்தான் விற்றார்கள். வெயிலில் கைக்குழந்தையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு அது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவத்தை அச்சடித்து, மாவட்டம் மாவட்டமாக அனுப்பி, விற்று, நிரப்பியதைத் திரும்ப வாங்கி, கட்டுக்கட்டி, மீண்டும் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும்.

விண்ணப்பதாரருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உறை உள்ளே போன பிறகு நடப்பது அவர் கண்ணில் படாது. தபால் பிரிவில் உறையைக் கிழித்துத் தேதி முத்திரை குத்துவார்கள். வரிசை எண் போடுவார்கள். கட்டணம் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, புகைப்படம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பெயர், பிறந்த தேதி, கல்வி, வகுப்புப் பிரிவு, முகவரி எல்லாவற்றையும் ஒருவர் படித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏனென்றால் தேர்வு நடத்தவோ, ஹால் டிக்கெட் அனுப்பவோ, தேர்வுக்கூடத்தில் இடம் ஒதுக்கவோ அந்தத் தாளால் பயனில்லை. தாளில் இருப்பது ஒரு பட்டியலில் ஒரு வரியாக மாற வேண்டும். வேலை கொடுப்பவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 2022 ஜூலையில் டி.என்.பி.எஸ்.சி. நடத்திய குரூப் 4 தேர்வுக்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 7,301. இந்த 22 லட்சமும் தாளில் வந்திருந்தால்? படிவம், நான்கைந்து ஜெராக்ஸ், உறை எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 40 கிராம் என்று வைத்தால் 88 டன் காகிதம். ஒரு விண்ணப்பத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் 1.1 கோடி நிமிடங்கள். 100 பேர் தினமும் ஏழு மணி நேரம் வேறு வேலை பார்க்காமல் இதையே செய்தாலும் 260 வேலை நாட்களுக்கு மேல் ஆகும். ஒரு வருடம் அதிலேயே போய்விடும். தேர்வு அதற்குப் பிறகுதான். இந்த எண்கள் என் மதிப்பீடுதான், கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் இவ்வளவு கூட்டத்தைத் தாளில் சமாளிக்க முடியாது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

இணைய விண்ணப்பத்தில் இந்த ஐந்து நிமிட வேலை எங்கேயும் காணாமல் போகவில்லை. கை மாறியது, அவ்வளவுதான். முன்பு சம்பளத்துக்கு ஓர் ஊழியர் செய்த தட்டச்சை இப்போது வேலை தேடுபவரே தன் நேரத்தில், தன் செலவில் செய்துகொடுக்கிறார். வேலை கொடுப்பவருக்கு இணைய விண்ணப்பம் பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். வேகம், காகிதச் சேமிப்பு என்று சொல்லப்படும் மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

தட்டச்சை விண்ணப்பதாரர் செய்வதில் ஒரு நல்லதும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தாளில் பிழை இருந்தால் அது உள்ளே போன பிறகுதான் தெரியும். தெரிந்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்கள். உங்களுக்குத் தகவல்கூட வராது. திரையில் அப்படி இல்லை. பிறந்த தேதியைப் போட்டதும் வயது வரம்புக்குள் வருகிறதா என்று அதுவே பார்த்துவிடும். கட்டாயமான கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. மாவட்டத்தை எழுத வேண்டாம், பட்டியலிலிருந்து எடுத்தால் போதும். 'விழுப்புரம்' என்பதை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதும் நம் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. கிறுக்கலான கையெழுத்தால் பிறந்த வருடம் மாறிப்போனவர்கள் எத்தனை பேர்!

தமிழ்நாட்டு அரசுப் பணிகளைப் பொறுத்தவரை இதைவிடக் கனமான இன்னொரு காரணம் இருக்கிறது. அது இட ஒதுக்கீடு. இங்கே ஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. இது மேலிருந்து கீழாகப் பிரிப்பது. இதற்குக் குறுக்கே பெண்களுக்கு 30 சதவீதம் ஓடுகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஓடுகிறது. மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர், ஆதரவற்ற விதவைகள் என்று மேலும் பிரிவுகள். எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்பதை 200 புள்ளிச் சுழற்சி முறை தீர்மானிக்கிறது. ஒரு பெண், அருந்ததியர், தமிழ் வழியில் படித்தவர் என்றால் அவர் பெயர் எத்தனை பட்டியல்களில் எத்தனையாவது இடத்தில் வர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கானவர்களை இப்படிக் கையால் பிரித்தால் தவறு வராமல் இருக்காது. ஒரு தவறு ஒரு வழக்கு. ஒரு வழக்கு மொத்த நியமனத்தையும் நிறுத்திவிடும்.

அதனால்தான் படிவத்தில் இத்தனை கேள்விகள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியா, சாதிச் சான்றிதழ் எண் என்ன, கொடுத்த தேதி என்ன என்று துருவித் துருவிக் கேட்பதைப் பார்த்து எரிச்சல் வரலாம். ஆனால் இந்தத் தகவல்கள் தனித்தனிக் கட்டங்களில் ஒழுங்காக வந்து விழுந்தால்தான் சமூக நீதிக் கணக்கைச் சரியாகப் போட முடியும். இந்த ஓர் இடத்தில் நான் இணைய விண்ணப்பத்தின் பக்கம்தான்.

பணத்திலும் இப்படியொரு மாற்றம் நடந்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யில் பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை தேர்வுக் கட்டணம் இலவசம். ஒருவர் எத்தனை முறை அந்தச் சலுகையைப் பயன்படுத்திவிட்டார் என்பதைத் தாள் விண்ணப்பத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய கட்டுகளைத் தேட வேண்டும், தேடினாலும் கிடைக்காது. இப்போது 150 ரூபாய் கட்டி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் ஒருமுறைப் பதிவை முடித்துவிட்டால் எல்லாம் ஒரே கணக்கில் சேர்கிறது. ரயில்வே இதில் இன்னும் ஒரு படி போனது. 2018-இல் பொதுப் பிரிவினரிடம் 500 ரூபாய் வாங்கி, தேர்வை எழுதியவர்களுக்கு 400 ரூபாயை வங்கிக் கணக்கில் திருப்பிக் கொடுத்தது. சலுகைப் பிரிவினருக்குக் கட்டிய 250 ரூபாயும், வங்கிக் கட்டணம் போக, திரும்பியது. சும்மா விண்ணப்பித்துவிட்டு வராமல் இருப்பவர்களைக் குறைக்க நல்ல ஏற்பாடு. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். அத்தனை பேருக்கு மணியார்டர் அனுப்பித் திருப்பிக் கொடுப்பதை நினைத்துப் பார்க்க முடியுமா?

அடுத்தது சாட்சி. "நான் பத்து நாள் முன்னாடியே அனுப்பிட்டேன், தபால்தான் லேட்" என்ற வாதம் தாள் காலத்தில் ஓயாமல் நடந்தது. 'தபால் தாமதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரி ஒவ்வொரு அறிவிப்பிலும் இருந்ததற்கு அதுதான் காரணம். இப்போது எந்த நிமிடத்தில் சமர்ப்பித்தார் என்பது இரு தரப்பிடமும் பதிவாக இருக்கிறது. இந்தப் பதிவுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வின் தரவரிசையில் ராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டே மையங்களில் எழுதியவர்கள் முன்வரிசையில் குவிந்திருந்தார்கள். அவர்களில் பலர் வேறு மாவட்டத்துக்காரர்கள். சொந்த ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்து ஏன் எழுதினார்கள் என்ற கேள்வியைத் தேர்வர்களே எழுப்பினார்கள். விசாரணையில், சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைத்தாளைக் குறித்து, பிறகு விடைத்தாள்களைக் கொண்டுபோகும் வழியில் விடைகளை மாற்றியது வெளிவந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. மோசடி நடந்தது காகித விடைத்தாளில். அதை வெளியே இழுத்தது, யார் எந்த ஊர், எந்த மையம், எத்தனையாவது இடம் என்று ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடிந்த பட்டியல்.

தனியார் நிறுவனங்களின் கதை வேறு. அவர்களுக்கு 69 சதவீதக் கணக்கு இல்லை. அவர்கள் இணையத்தை விரும்புவது தேடுவதற்காக. 1997-இல் நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் வந்த பிறகு, விளம்பரம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் குறைந்தது. நிறுவனம் பணம் கட்டி அந்தத் தளத்தின் சேமிப்புக்குள் புகுந்து, 'ஜாவா, நான்கு ஆண்டு அனுபவம், சென்னை, நோட்டீஸ் பீரியட் 30 நாள்' என்று தட்டினால் ஆட்கள் வந்து நிற்பார்கள். கோப்பில் தூங்கும் ரெஸ்யூமேயை இப்படிக் கூப்பிட முடியாது. இன்று வேண்டாம் என்று விட்டவரை ஆறு மாதம் கழித்து வேறொரு வேலைக்குத் தேடி எடுக்கவும் முடியும்.

ஆனால் இங்கே ஒரு சுழல் இருக்கிறது. விண்ணப்பிப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு விண்ணப்பங்கள் குவியும். குவிந்தால் யாரும் படிக்க முடியாது. படிக்க முடியாததால், நிபந்தனைக்குப் பொருந்தாதவர்களைக் கணினியே ஒதுக்கும் வடிகட்டியை இறுக்குவார்கள். வடிகட்டி இறுகுவதால் தகுதியானவர்களும் வெளியே விழுவார்கள். விழுந்தவர்கள் இன்னும் ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பிப்பார்கள். 2021-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்செஞ்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களிடம் கேட்டபோது, நிபந்தனையோடு அச்சு அசலாகப் பொருந்தாததால் தகுதியுள்ள திறமைசாலிகளும் வடிகட்டப்படுவதாக 88 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒதுக்கிவிடுவது அங்கே பரவலான வழக்கம். பிரசவத்துக்காக வேலையை விட்ட பெண்ணுக்கும், அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று ஊரில் இருந்துவிட்டு வந்த பையனுக்கும் இந்த விதி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாளைக் கையில் எடுத்துப் படிக்கும் ஒரு மேலாளர் அந்த இடைவெளிக்கான காரணத்தை விசாரித்திருக்கலாம். வடிகட்டி விசாரிக்காது.

இன்னும் மோசமாகவும் போகலாம். அமேசான் 2014 முதல் ஒரு மென்பொருளை உருவாக்கிப் பார்த்தது. பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களைப் படித்து, நல்லவர்களைத் தானே பொறுக்க வேண்டும் என்பது திட்டம். அந்தப் பத்தாண்டில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதனால் 'பெண்கள்' என்ற சொல் வந்த ரெஸ்யூமேக்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்தது. நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டதை ராய்ட்டர்ஸ் 2018 அக்டோபரில் வெளியிட்டது. அதற்காகத் தாளில் பாரபட்சம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியோடு பெயர் மட்டும் மாறிய 4,808 விண்ணப்பங்களை இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. பெயரை மறைத்துவிட்டு முதல் கட்டத்தைப் பார்ப்பது இணைய விண்ணப்பத்தில் மிகச் சுலபமான வேலை. நிறுவனங்கள் நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

எல்லா முதலாளிகளும் இணையத்தைத்தான் விரும்புகிறார்கள் என்பதும் சரியில்லை. திருப்பூரில் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். 'சிங்கர் டெய்லர், ஓவர்லாக், செக்கிங் ஆட்கள் தேவை' என்று கேட்டிலேயே பலகை தொங்கும். உள்ளே போய் மெஷினில் ஒரு பீஸ் தைத்துக் காட்டினால் அன்றைக்கே வேலை. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்தப் பணிக்கு ஆள் எடுக்கும்போது நேரிலோ தபாலிலோ விண்ணப்பம் வாங்குவதை இன்றும் பார்க்கலாம். நாலைந்து இடம், நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் என்றால் ஒரு கிளார்க்கும் ஒரு மேசையும் போதும். ஆக, தாளா இணையமா என்பதை முடிவு செய்வது முதலாளியின் நாகரிகம் அல்ல. வருகிற கூட்டம் இருக்கிற கைகளை மிஞ்சுகிறதா என்பதுதான்.

சரி, கை மாறிய அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? சொந்தக் கணினி உள்ளவர் வீட்டிலேயே முடித்துவிடுகிறார். மற்றவர்கள் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் என்பது போன்ற நிபந்தனைகளுக்கு ஏற்றவாறு படத்தைச் சுருக்கித் தருவதற்கே தனிக் கட்டணம். வங்கித் தேர்வுகளில் உறுதிமொழியை வெள்ளைத் தாளில் சொந்தக் கையால் ஆங்கிலத்தில் எழுதி, இடது கட்டைவிரல் ரேகையோடு ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்கிறார்கள். ஆதாரில் 'முருகன் எஸ்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். முருகன்' என்று இருப்பதால் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பது நமக்கு ஒரு விஷயமே இல்லை. அந்தக் கட்டத்துக்கு அது பெரிய விஷயம்.

என் சித்தி மகள் ஒருத்திக்கு நடந்ததையும் சொல்கிறேன். கடைசி நாள் மாலை, ஊரில் ஒரு சென்டரில் இருபது பேர் வரிசை. நிரப்பிக் கொடுத்தவர் அவசரத்தில் தமிழ் வழி என்ற இடத்தில் 'இல்லை' என்பதை அழுத்திவிட்டார். மின்னஞ்சல் அந்தக் கடைக்காரருடையது, ஓ.டி.பி. போனதும் அவர் போனுக்குத்தான். பிரிண்ட்-அவுட்டை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், படிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள் அவள். தாள் காலமாக இருந்தால் அந்தக் கட்டத்தில் அவளே, அவள் கையெழுத்தில், 'ஆம்' என்று எழுதியிருப்பாள்.

வேலை கொடுப்பவர்கள் மிச்சப்படுத்தும் நேரத்திலும் பணத்திலும் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி. கடைசி நாளுக்குப் பிறகு திருத்தம் செய்யச் சில நாட்கள் கொடுக்கிறது. அந்தச் சில நாட்கள், விண்ணப்பத்தைக் கடையில் நிரப்பி மடித்து வைத்தவருக்குத் தெரிவதே இல்லை. நிரப்பிய விவரங்களைத் தமிழில் சுருக்கி, 'தமிழ் வழி: இல்லை, பிரிவு: இது, மையம்: இது, சரிதானா?' என்று விண்ணப்பதாரரின் சொந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்கு ஆகும் செலவு கட்டணத்தில் ஒரு துளி. நூலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் விண்ணப்பக் காலத்தில் இலவசமாக உதவ ஒரு மேசை போடலாம். நிராகரித்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பலாம். காரணம் ஏற்கெனவே பட்டியலில் ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது.

என் சித்தி மகள் அடுத்த முறை விண்ணப்பித்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்பே, காலையில், சென்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனோம். சொந்த மின்னஞ்சல், சொந்த எண். சான்றிதழை மேசைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு எண்ணையும் அவள் வாய்விட்டுப் படிக்கப் படிக்க, திரையில் நான் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். சமர்ப்பிக்கும் பொத்தானை அவளே அழுத்தினாள். மொத்தம் நாற்பது நிமிடம் ஆனது.